எம்.எஸ்சி. வேதியியல் முடித்தாயிற்று, நானோ ஆய்வுக்கு எங்கே சேருவது?

டெல்டா மாவட்டங்களில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து முனைவர் பட்டத்துக்குப் போக நினைக்கும் பலர் நானோ பொருள்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். துறை சீக்கிரம் முடிவாகிவிடுகிறது, இடத்தில்தான் இழுபறி. வீட்டில் "தஞ்சாவூரைத் தாண்டாதே" என்பார்கள். படித்த கல்லூரியின் பேராசிரியர் "என்னிடமே சேர்ந்துவிடு" என்பார். மூத்த மாணவர் ஒருவர் தைவானிலிருந்து ஆய்வகப் படங்களை அனுப்புவார். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நண்பர், அதன்வழி வரும் ஆய்வு உதவித்தொகையை மனத்தில் வைத்து, "ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் எங்கும் சேராதே" என்பார். நால்வர் சொல்வதிலும் உண்மை உண்டு; நான்கும் ஒரே எடை அல்ல. இந்தப் பகுதியில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் சேருங்கள். ஊரும் பட்டத்தின் பெயரும் அதற்குப் பிறகுதான்.

காரணம் இந்தத் துறையின் இயல்பிலேயே இருக்கிறது. கரிம வேதியியலில் ஒரு பொருளைத் தயாரித்தால் படிகத்தைப் பார்க்கலாம், உருகுநிலை எடுக்கலாம். ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் தயாரித்ததாகச் சொல்லும் எதையும் ஒரு கருவிதான் உங்களுக்காகச் சாட்சி சொல்கிறது. ஒவ்வொரு கருவியும் வேறு வேறு சாட்சி சொல்லும். ஒரே மாதிரியை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் வைத்து ஷெரர் சமன்பாட்டில் கணக்கிட்டால் கிடைப்பது படிகப் பகுதியின் அளவு. ஊடுருவல் மின்னணு நுண்ணோக்கியான டெம் காட்டுவது துகளின் உருவத்தை. ஒளிச்சிதறல் முறையில் வருவது, துகளைச் சுற்றி நீரில் ஒட்டியிருக்கும் உறையையும் சேர்த்த அளவு. இவை மூன்றும் 12, 18, 60 நானோமீட்டர் என்று மூன்று விடை தந்தால் அதில் தவறேதும் இல்லை. ஏன் அப்படி வருகிறது என்று நேர்காணலில் கேட்டால், கருவியின் முன் உட்கார்ந்தவர் சொல்லிவிடுவார். கூரியரில் மாதிரியை அனுப்பி மின்னஞ்சலில் வரைபடம் வாங்கியவர் திணறுவார். இவரும் நான்கைந்து ஆண்டு உழைத்தவர்தான், மூளையிலும் குறைவில்லை. பழக்கம் மட்டும் வாய்க்கவில்லை.

பட்டத்தின் பெயர் பற்றிய குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நானோ அறிவியல் என்ற பெயரிலேயே பட்டப்படிப்புகள் இருக்கின்றன. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் தனித் துறையே உண்டு. பாடத்திட்டங்கள் மோசமில்லை. ஆனால் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணியை மனத்தில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே பணியிடங்கள் வேதியியல், இயற்பியல் என்று பாடவாரியாகத்தான் அறிவிக்கப்படுகின்றன. வேறு பெயருள்ள பட்டத்தோடு போனால் அது வேதியியலுக்கு இணை என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டிவரும். வேதியியலில் பதிவு செய்து, நானோவைத் தலைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிடைக்கும்.

இனி, படித்த கல்லூரியிலேயே சேர்வது. டெல்டாவின் கல்லூரிகளை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி 1854-ல் தொடங்கியது. தஞ்சையில் மன்னர் சரபோஜி கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி என்று மூன்று தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கிய இடங்கள் இங்கே உண்டு. கல்லூரியில் சேர்ந்தால் நெறியாளரின் கதவு எப்போதும் திறந்திருக்கும், இளங்கலை வகுப்பெடுக்கும் அனுபவம் கிடைக்கும், வீட்டுச் சாப்பாடு. குறுவை அறுவடைக்கு ஆள் பற்றாக்குறை என்றால் அப்பாவுக்குத் துணையாக வயலில் இறங்கவும் முடியும். இவை சிறிய விஷயங்கள் அல்ல. பணியில் இருக்கும் தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு, பணியிடத்தின் தடையின்மைச் சான்றோடு பகுதி நேரமாகச் சேர்வது பல நேரங்களில் ஒரே வழி.

குறை எங்கே வருகிறது என்றால், இல்லாத கருவிக்கு ஏற்பத் தலைப்பு சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கத்தின் பெயர் "பசுமைத் தொகுப்பு", அதாவது செடிச் சாற்றைக் கொண்டு நானோ துகள் தயாரிப்பது. சில்வர் நைட்ரேட் கரைசலில் இலைச்சாறு ஊற்றுவார்கள். நிறம் பழுப்பாகும். புறஊதா-கண்ணுறு நிறமாலையில் 420 நானோமீட்டர் அருகே வெள்ளி நானோ துகளுக்கு அடையாளமான ஒரு மேடு வரும். மாதிரி வெளியூர் போய் இரண்டு படங்களோடு திரும்பும். பாக்டீரியா வளர்த்த தட்டில் ஒரு தெளிந்த வளையம் தெரியும். ஒரு அத்தியாயம் முடிந்தது. அடுத்த அத்தியாயத்துக்கு அடுத்த செடி. துளசி, வேம்பு, முருங்கை, கீழாநெல்லி என்று தொடங்கியது கொழுந்து வெற்றிலை வரை வந்தாகிவிட்டது. கொல்லையில் செடி தீர்ந்தால்தான் ஆய்வு நிற்கும் போலிருக்கிறது.

இதில் எனக்கு இருக்கும் கோபம் இலையின் மேல் அல்ல. இலைச்சாறு ஒரு கலவை. எந்த மூலக்கூறு வெள்ளி அயனியை ஒடுக்கி வெள்ளியாக மாற்றியது, எது துகளைச் சூழ்ந்து நிலைப்படுத்தியது என்று பிரித்தறியாமல் விட்டால் அது சமையல் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. தை மாதத்து இலையும் ஆடி மாதத்து இலையும் ஒரே விளைவைத் தருமா என்று யாரும் கேட்பதில்லை. டர்கெவிச் என்ற வேதியியலாளர் 1951-ல் சிட்ரேட்டை வைத்துத் தங்கத் துகள் தயாரித்த முறையை இன்று எந்த ஊரிலும் திரும்பச் செய்யலாம். ஒயின் சிவப்பு வரும், 520 நானோமீட்டர் அருகே உறிஞ்சும், உப்பைச் சேர்த்தால் துகள்கள் திரண்டு நீலமாகும். திரும்பச் செய்ய முடிவதால்தான் அது இத்தனை ஆண்டு நிற்கிறது.

ஆனாலும் சிறிய ஆய்வகத்தில் நல்ல ஆய்வு நடக்காது என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊர் உமியையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதைச் சரியாக எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸுக்குள் நிதானமாக எரித்தால் அது படிக ஒழுங்கற்ற சிலிக்கா. எளிதில் வினைபுரியும், நானோ துகளாக மாற்ற வாகானது. அரிசி ஆலைக் கொதிகலனில் வெப்பம் கட்டுப்பாடின்றி ஏறும்போது கிறிஸ்டோபலைட் என்ற படிக வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு வேதி வினையில் சோம்பல் அதிகம், மூச்சில் போனால் நுரையீரலுக்கும் கேடு. எக்ஸ்-கதிர் வரைபடத்தில் முதலாவது அகன்ற மேடாகவும் இரண்டாவது கூரிய கோடுகளாகவும் தெரியும். ஆலைக்கு ஆலை சாம்பல் எப்படி மாறுகிறது, எந்த அமிலக் கழுவல் எந்த உலோக மாசை நீக்குகிறது என்ற கேள்விகளுக்கு ஒரு மஃபிள் உலையும், அமிலமும் காரமும், பக்கத்து நிறுவனத்தில் ஒரு எக்ஸ்-கதிர்க் கருவியும் போதும். உங்கள் கல்லூரி நெறியாளர் இப்படி ஒரு கேள்வியோடு வந்தால் தயங்காமல் சேருங்கள்.

சாய நீக்கத் தலைப்பும் அப்படித்தான். காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து, விளக்கொளியில் துத்தநாக ஆக்சைடு நானோ துகளைப் போட்டு நிறத்தைப் போக்குவது உலகமே செய்து முடித்த சோதனை. திருபுவனம் பட்டுச் சாயத்தொட்டியிலிருந்து ஒரு குடுவை எடுத்து வந்து அதே துகளைப் போட்டுப் பாருங்கள். உப்பு, சோப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட சாயங்கள் எல்லாம் சேர்ந்து துகளின் மேற்பரப்பை அடைத்துக்கொள்ளும். மெத்திலீன் நீலத்தில் பார்த்த வேகம் இருக்காது. அந்தத் தோல்வியை விளக்குவதுதான் ஆய்வேடு.

இந்த வழியில் ஒரு நடைமுறை எச்சரிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிய ஆய்வாளரைச் சேர்க்க முடியாது. ஓய்வு நெருங்கும் நெறியாளரிடம் சேர்வதானால், அவருக்குப் பின் யார் என்பதைச் சேர்வதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பட்டம் முடிக்கக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

அடுத்தது பணம். ஜே.ஆர்.எஃப். என்பது உதவித்தொகை மட்டுமல்ல. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இந்தத் தொகையோடு வரும் மாணவருக்கு நெறியாளர் தன் திட்ட நிதியைத் தொட வேண்டியதில்லை. எனவே எந்த ஆய்வகமும் வரவேற்கும். உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 8,000 ரூபாய். அதுவும் இல்லாத இடங்களே மிகுதி. சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) நெட் வேதியியல் தாள் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி, அதாவது 100 மதிப்பெண், மூன்றாம் பகுதியின் 60 கேள்விகளில் 25-க்கு விடையளிப்பதில் இருக்கிறது. தவறான விடைக்குக் கால் பங்கு கழிவு. எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படித்தவரை விட, கனிம வேதியியலும் நிறமாலையியலும் போல இரண்டு மூன்று பகுதிகளை ஆழப் படித்தவருக்கு இந்த அமைப்பு சாதகம். பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவர்கள் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையையும் பார்க்கலாம்.

நெட் முதல் முயற்சியில் வராவிட்டால்? அடுத்த முறை எழுதும் வரை காத்திருக்கலாம் என்பதே என் கருத்து. ஒரு வருடம் வீணாகிறது என்று வீட்டில் சொல்வார்கள். கருவியும் பணமும் இல்லாத இடத்தில் அவசரமாகச் சேர்ந்து ஆறு ஆண்டு இழுப்பதை யாரும் வீண் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அப்போது பையன் "பிஎச்.டி. படித்துக்கொண்டிருக்கிறான்".

வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய ஆய்வகங்கள் இருப்பதைப் பல மாணவர்கள் கவனிப்பதே இல்லை. தஞ்சாவூர்–திருச்சி சாலையில் மட்டும் இரண்டு. திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்திரா பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்கும் உயிரிப்பொருள்களுக்குமான தனி மையம் இருக்கிறது. மருந்து, திசு, உணரி என்று உயிரியல் பக்கம் சாய்வு உள்ளவர்களுக்குப் பொருந்தும். துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமான என்.ஐ.டி.; 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. பொறியியல் பெயரைப் பார்த்து வேதியியல் மாணவர்கள் ஒதுங்குகிறார்கள். தேவையே இல்லை, அங்கே வேதியியல் துறை உண்டு, நெட் அல்லது கேட் (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். உலோகவியல் துறை அதே வளாகத்தில் இருப்பது நானோ ஆய்வாளருக்குக் கூடுதல் வசதி. திருவாரூரை அடுத்த நீலக்குடியில் 2009-ல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்த நாளிலிருந்தே உமியையும் தவிட்டையும் அறிந்த இடம். உணவுச் சத்துகளை நானோ உறைக்குள் அடைப்பது போன்ற தலைப்புகளில் ஆர்வமுள்ள வேதியியலாளர் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், டெல்டா மாணவருக்கு மிகப் பொருத்தமான இடம் டெல்டாவுக்குச் சற்று வெளியே இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்தது. 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு. தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை வழியாக நூறு கிலோமீட்டர் அளவுதான். லித்தியம் மின்கலம், எரிபொருள் கலம், அரிமானம், மின்முலாம் என்று அங்கே நானோ துகள் ஒரு வேலையைச் செய்வதற்காகத் தயாராகிறது. துகள் நன்றாக இருக்கிறதா என்பதை மின்கலம் சொல்லிவிடும். எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் கொள்ளளவு நிற்கிறதா, இல்லையா. அழகான படத்தை வைத்துச் சமாளிக்க வழியில்லை. இந்த ஒழுக்கம் மாணவப் பருவத்தில் கிடைப்பது பெரிய வரம். பட்டம், சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்கான கல்விக்கழகமான ஏசிஎஸ்ஐஆர் வழியாக வருகிறது. முடித்தவர்களுக்குக் கல்லூரி வேலை மட்டுமே கதி என்றில்லை. மின்கலத் தொழிற்சாலைகளும் இப்படிப்பட்டவர்களைத் தேடுகின்றன.

சென்னை ஐ.ஐ.டி., பெங்களூர் நிறுவனங்கள், மொகாலியில் நானோவுக்கென்றே உள்ள தேசிய நிறுவனம் இவற்றின் தரத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு எடுத்துக்காட்டு போதும். சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழுவினர் வெள்ளி, தங்க நானோ துகள்கள் சில பூச்சிமருந்து எச்சங்களைச் சிதைப்பதைக் கண்டார்கள்; அது குடிநீர் வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. பிறகு இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு நானோ கலவையால் ஆர்சனிக் நீக்கும் முறை வந்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. அடிப்படை வேதியியல் கேள்வியிலிருந்து வீட்டுக் குழாய் வரை போவதற்கு எத்தனை ஆண்டுகள், எத்தனை கைகள் வேண்டும் என்பது இப்படிப்பட்ட குழுவுக்குள் இருந்தால்தான் புரியும். குறை என்னவென்றால் பெரிய குழுவில் நெறியாளரை நேரில் பார்ப்பது அரிது; முதல் ஆண்டு மூத்த ஆய்வாளரின் நிழலில்தான் கழியும். கூச்சப்பட்டுப் பேசாமல் இருப்பவர்கள் அங்கே காணாமல் போகிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் சற்று அதிகம்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தைவானும் தென்கொரியாவும் தமிழ்நாட்டு வேதியியலாளர்களுக்குப் பழகிய பாதை. பேராசிரியருக்கு நேரடியாக எழுதிச் சேர்பவர்களே மிகுதி. அங்கே கருவிக்குப் பஞ்சமில்லை, வேலை நேரத்துக்கு எல்லையுமில்லை. ஜெர்மனியில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். சம்பளம், விடுப்பு எல்லாம் எழுத்தில் இருக்கும். சேர்வதற்கு முன் அந்தக் குழுவில் இருக்கும், அல்லது இருந்து வெளியேறிய, தமிழர் ஒருவரோடு பேசிவிடுங்கள். வெளியேறியவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பெண் மாணவர்களுக்குத் தனியே ஒன்று. திருமணப் பேச்சு தொடங்கும் வயதில்தான் முனைவர் பட்டமும் தொடங்குகிறது. அதனால்தான் வீட்டில் பக்கத்துக் கல்லூரியையே வற்புறுத்துகிறார்கள். மானியக் குழு விதிகள் இங்கே கைகொடுக்கும். பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. திருமணத்தால் ஊர் மாறினால் ஆய்வுத் தரவுகளோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது. இதை அப்பாவிடம் அச்செடுத்துக் காட்டுங்கள். அரசு ஆவணத்துக்கு நம் வீடுகளில் இருக்கும் மரியாதை நம் வாய்ச்சொல்லுக்கு இல்லை.

ஊரில் நானோ என்றதும் விவசாயிகள் கேட்பது நானோ யூரியாவைப் பற்றி. 2021-ல் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ அறிமுகப்படுத்தியபோது அரை லிட்டர் புட்டி ஒரு மூட்டைக்கு ஈடு என்றார்கள். 45 கிலோ மூட்டையில் 46 விழுக்காடு, ஏறத்தாழ 20.7 கிலோ நைட்ரஜன். அன்று 4 விழுக்காடு கொண்டிருந்த 500 மில்லி புட்டியில் 20 கிராம். ஆயிரம் மடங்கு வேறுபாட்டை இலைவழி உறிஞ்சும் திறன் மட்டும் ஈடுகட்டுமா என்று அறிவியலாளர்கள் கேட்டார்கள். வயல்வெளிச் சோதனை முடிவுகளை வைத்து விவாதம் நடந்தது. நீங்கள் சேரப்போகும் ஆய்வகத்தின் தரத்தை அறிய நல்ல வழி இது: இந்தக் கணக்கை அங்குள்ள ஆய்வாளர் ஒருவரிடம் போட்டுக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். துகளின் அளவு, மேற்பரப்பு, இலைத்துளையின் அளவு, கட்டுப்பாட்டுச் சோதனை என்று பேசத் தொடங்கினால் அங்கே சிந்தனை நடக்கிறது. "நானோ என்றால் திறன் அதிகம்" என்று நிறுத்திக்கொண்டால், வேறு இடம் பாருங்கள்.

நேரில் போகும்போது இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கருவி அறையில் பதிவேடு இருக்கிறதா. அதில் மாணவர்களின் கையெழுத்து இருக்கிறதா, தொழில்நுட்ப உதவியாளரின் கையெழுத்து மட்டுமா. கருவி பழுதாகி எத்தனை நாள் ஆகிறது; பழுதான கருவியும் இணையதளத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடைசியாக முடித்த ஆய்வாளர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வேடுகள் நூலகத்திலும், இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவிலும் கிடைக்கும். இரண்டை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். செடியின் பெயரை மட்டும் மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும் என்றால், துவாக்குடிக்கோ காரைக்குடிக்கோ விண்ணப்பம் எழுதத் தொடங்கலாம்.